நூற்று எழுபத்தெட்டு மில்லிமீட்டர்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ஆறு வருஷம் கழித்து எழுதுகிறாளே, ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். ஆமாம், காரியம்தான். முதல் பக்கம் முழுக்கப் பாசத்தைக் கொட்டிவிட்டு இரண்டாம் பக்கத்தில் விஷயத்துக்கு வருகிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளை நான் இன்னும் பார்த்ததுகூட இல்லை.

ஆலையில் மாவு மூட்டை ஏற்றும் லிஃப்ட் உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று மாடிக்கும் அதுதான் கதி. அதன் மோட்டாரை இங்கே எல்லோரும் 'ஏழரை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏழரை எச்.பி. என்பதால் மட்டுமல்ல, அது படுத்துகிற பாட்டுக்கும் சேர்த்துத்தான். இப்போது அதன் பிரேக் தேய்ந்துவிட்டது. கரண்ட் நின்றால் கப்பென்று பிடிக்கவேண்டியது, ஒரு ஜாண் இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது. உன் மச்சான் ஃபோர்மேன் என்ற முறையில் புது பிரேக் கேட்டு ஸ்டோர்ஸுக்குச் சீட்டு எழுதிவிட்டார். ஸ்டோர்ஸ் என்றால் நான்தானே. வீட்டில் உப்பு கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பழைய மாடல் இப்போது வருவதில்லை. மாற்றாக எது ஒத்துப்போகும் என்று புத்தகம் பார்த்து நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மோட்டார்மேல் ரிவெட் அடித்திருக்கிற பிளேட்டில் ஏழரை எச்.பி. என்று இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று வெர்னியரும் டேப்பும் எடுத்துப் போய் அளந்தேன். ஷாஃப்ட் 38, சரி. தரையிலிருந்து ஷாஃப்ட் நடுவரை 132, அதுவும் சரி. ஆனால் மோட்டாரின் காலில் போல்ட் போடுகிற துளைகள் இருக்கின்றனவே, முன் துளைக்கும் பின் துளைக்கும் இடையே 140 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்கிறது புத்தகம். எனக்கு 178 வருகிறது. மூன்று தடவை அளந்துவிட்டேன். 178 என்பது பத்து எச்.பி. மோட்டாருக்கு உள்ள அளவு.

புது எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "அதான் பிளேட்டுல போட்டிருக்கே, அப்புறம் என்னக்கா சந்தேகம்?" என்கிறான். உன் மச்சான், "உன் தம்பி இருந்தா கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிடுவான்" என்றார். அவர் வாயிலிருந்து உன் பேச்சு வந்ததில் எனக்கே ஆச்சரியம். ஏழரைக்கான பிரேக்கும் பத்துக்கான பிரேக்கும் பார்க்க ஒரே வட்டம், ஒரே துளை. உள்ளே ஸ்பிரிங்கின் பலம் மட்டும்தான் வேறு. எதை வாங்கினாலும் மாட்டிவிட முடியும். அதனால்தான் பயமாக இருக்கிறது. எதை வாங்கட்டும்?

என் தையல் மெஷினில் பிளேட் ஆடுகிறது என்று மோட்டார் சுற்றுகிற செம்பு வைண்டிங் கம்பியை வெட்டி, அதையே ரிவெட்டாகத் தட்டிக் கொடுத்தாயே, அது இன்றுவரை அசையவில்லை. மகள் இப்போது அதில் தைக்கக் கற்றுக்கொள்கிறாள். அவளுக்குப் பதினொரு வயதாகிறது.

அக்கா

*

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் நான் சுற்றிக் கொடுத்த ப்ளோயர் மோட்டார் ஒன்பதே நாளில் எரிந்தது. என் வைண்டிங் சரியில்லை என்று என்னை வெளியே அனுப்பினார்கள். வைண்டிங்மேல் பூசிய அந்த வார்னிஷ் டின் நாள் கடந்தது என்று எனக்கும் தெரியும், எடுத்துக் கொடுத்த ஸ்டோர்ஸ்காரிக்கும் தெரியும். விசாரணையில் ஸ்டோர்ஸ்காரி என்ன சொன்னாள்? "ஞாபகம் இல்லைங்க." பக்கத்தில் அவள் புருஷன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது மூன்று தடவை அளந்தது வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. நல்ல முன்னேற்றம்.

கேட்டதற்குப் பதில். பிளேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதற்கு உள்ளதை வாங்கு. ஏழரை என்றால் ஏழரைக்கு உள்ளது. பழைய மோட்டார்களில் கால் துளை முன்னே பின்னே இருக்கும். டேப்பை வளைத்துப் பிடித்தால் எந்த அளவு வேண்டுமானாலும் வரும். சின்ன வயதிலிருந்தே உனக்கு நேராக ஒரு கோடு போட வராது. சீட்டு எழுதுகிறவர்கள் மோட்டாரை அளக்கக் கிளம்பினால் இப்படித்தான் இல்லாத சந்தேகமெல்லாம் வரும்.

என் மனைவி நன்றாக இருக்கிறாள். ஆகஸ்டில் குழந்தை பிறக்கும்.

தம்பி

*

மார்ச் 3

தம்பிக்கு,

திட்டித்தான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் எழுதினாயே. குழந்தை விஷயத்தைக் கடைசி வரியில் போனால் போகிறதென்று போட்டிருந்தாய். நான் அந்த வரியைத்தான் முதலில் படித்துக் காட்டினேன். மகள் சட்டைத் துணி எடுத்துவைத்துவிட்டாள், ஆணா பெண்ணா என்று தெரியாததால் மஞ்சள் நிறம்.

நீ சொன்னபடி ஏழரைக்கு உள்ள பிரேக்கையே வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் ஓடாத நேரத்தில் உன் மச்சானும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து மாட்டினார்கள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. "பார்த்தியா, நீ கெடந்து குழம்பின" என்று அவர் என்னைக் கேலி செய்தார். எனக்கும் நிம்மதி. ஆனாலும் என் புத்தி போகுமா? பதிவேட்டில் 'கால் துளை 178, பிளேட்டின்படி வாங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்த்ததை எழுதாமல் விட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது என்று உனக்குத் தெரியும். அந்த வார்னிஷ் டின் ஒன்றைத் தவிர.

அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். "ரெண்டு பேர் வேலையும் போயிடும், வாய மூடிக்க" என்றார் அவர். மூடிக்கொண்டேன். அவர் சொன்னார் என்று அவர் தலையில் கட்டப்போவதில்லை, வாய் என்னுடையதுதானே. உன்னைக் கேட்டிலிருந்து வெளியே அனுப்பியபோது நான் ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓடி வந்திருப்பேன் என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வந்திருக்கமாட்டேன்.

குழந்தை பிறப்பதற்குள் ஒரு தடவை இருவரும் வந்துவிட்டுப் போங்கள். அழைக்கச் சொன்னது உன் மச்சான்தான்.

அக்கா

*

மார்ச் 14

அக்காவுக்கு,

வாய் என்னுடையதுதானே என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். முன்பு இருந்த அளவு இல்லை.

மஞ்சள் துணி நல்ல யோசனை என்று மகளிடம் சொல்.

ஒரு விஷயம். புது பிரேக் பழகுகிறவரை பாரத்தைக் குறைத்து ஏற்றுவது நல்லது. சுவரில் பதினைந்து மூட்டை என்று எழுதியிருக்கும். ஆனால் இருபது ஏற்றுகிற கெட்ட பழக்கம் அங்கே உண்டு. பதினைந்துக்கு மேல் வேண்டாம் என்று மச்சானிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம், நீயாகச் சொல்வது போலச் சொல். மறந்துவிடாதே.

தம்பி

*

மார்ச் 30

தம்பி,

ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் வைத்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டி நின்றது. அதில் இருபது மூட்டை. கீழே லிஃப்ட் குழிக்குள் ஒரு மூட்டை கிழிந்து விழுந்து கிடந்திருக்கிறது. லிஃப்ட்தான் நின்றுவிட்டதே என்று உன் மச்சான் கதவைத் திறந்து உள்ளே குனிந்து அந்த மூட்டையை இழுத்திருக்கிறார். பிரேக் பிடித்த மாதிரி பிடித்து, மெதுவாக வழுக்க ஆரம்பித்ததாம். மேலே நின்றவன் கத்தியிருக்கிறான். அவர் நிமிர்வதற்குள் லிஃப்ட் மொத்தமும் இறங்கிவிட்டது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் மாவாக இருந்தது. அவர் முகமெல்லாம் வெள்ளையாக இருந்தது. இடுப்புக்குக் கீழே பார்க்கவேண்டாம் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பார்த்தேன்.

நீ பதினைந்து என்று எழுதியதை நான் அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இல்லை. நானாகச் சொல்வது போலத்தான் சொன்னேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். "உன் தம்பி அங்க இருந்துகிட்டே ஃபோர்மேன் வேலை பாக்குறானா?" என்று சிரித்தார். எட்டு வருஷமாக இருபது ஏற்றுகிறோம், ஒரு நாளும் வழுக்கியதில்லை என்றார்.

இப்போது நினைவு வந்து வந்து போகிறது. நினைவு வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூடத் தேவலை.

நான் வாங்கியது சரியான பிரேக்தானே? நீ சொன்னதைத்தானே வாங்கினேன்? ஆமாம் என்று ஒரு வரி எழுது. அது போதும்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. மச்சான் எழுந்துவிடுவார். கல் மாதிரி உடம்பு அவருக்கு. நீ தைரியமாக இரு. மகளை நேரத்துக்குச் சாப்பிட வை, நீயும் சாப்பிடு.

உடனே கிளம்பி வரத்தான் நினைத்தேன். இவளுக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் படுக்கச் சொல்லியிருக்கிறார், தனியே விட்டு வர முடியவில்லை.

நீ உன்னைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே. மெஷின் என்றால் எப்போது என்ன ஆகும் என்று யார் கண்டது. நீ செய்ததில் ஒரு தப்பும் இல்லை. கதவைத் திறந்து உள்ளே குனிந்திருக்கக்கூடாது, அவ்வளவுதான். யாராவது வந்து விசாரித்தால் பிரேக்கைப் பற்றி நீயாக எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. என் கடிதங்களையும் வெளியே காட்டாதே. ஆளாளுக்கு ஒன்று பேசுவார்கள்.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

அவர் ஒன்பதாம் தேதி போய்விட்டார். தந்தி கொடுத்தேன். நீ வரவில்லை. வருவாய் என்று மாலைவரை வைத்திருந்தோம்.

நான் ஆமாம் என்று ஒரு வரி கேட்டேன். நீ ஒரு பக்கம் எழுதியிருந்தாய், அந்த வரி அதில் இல்லை. அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தேடினேன்.

தொழிற்சாலை ஆய்வாளர் வந்து மோட்டாரை இறக்கிப் பிரித்துப் பார்த்தார். அது ஏழரை இல்லை. பத்து. பிளேட் மட்டும்தான் ஏழரை, எப்போதோ எரிந்து கழித்துப் போட்ட பழைய மோட்டாரின் பிளேட். பத்து எச்.பி. மோட்டார் இருபது மூட்டையை இழுத்தது, அதோடு வந்த பிரேக் இருபது மூட்டையைத் தாங்கியது. நான் வாங்கிப் போட்டது தாங்கவில்லை.

மேனேஜர் நேராக என்னைக் கைகாட்டிவிட்டார். கழித்த மோட்டார்களின் பிளேட் எல்லாம் ஸ்டோர்ஸ் அலமாரியில் பூட்டி இருக்கவேண்டுமாம், வெளியே போயிருந்தால் நான்தான் கொடுத்திருக்கவேண்டுமாம். ஏழு வருஷத்துக்கு முன் நான் பொறுப்பேற்றபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதையும் காட்டுகிறார்கள். பிறகு என் பதிவேட்டையும் எடுத்தார்கள். ஆய்வாளர் மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. "நூத்தி எழுபத்தெட்டுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா. தெரிஞ்சேதான் வாங்கியிருக்கீங்க?" என்றார். நான் என்ன சொல்லட்டும்? உன் கடிதத்தைக் காட்டவேண்டாம் என்றாய், காட்டவில்லை. என் கை சரியாக அளக்காது என்று நினைத்தேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மே இருபத்தெட்டாம் தேதி கடைசி விசாரணை. அன்று நான் கையெழுத்துப் போடும் வாக்குமூலத்தை வைத்து வழக்கு போடுவார்களாம். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் எல்லோரிடமும், "கட்டினவளே கொன்னுட்டா" என்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், அவளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் மகள் மூன்று நாளாக என் பக்கத்தில் படுப்பதில்லை. நேற்றுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "அம்மா, நீ வாங்கினது தப்பான சாமானா?" என்று கேட்டாள். வழக்கு போடட்டும், ஜெயிலில் போடட்டும். இவளுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் எனக்கு வேண்டும்.

அந்த மோட்டார் மாட்டி எட்டு வருஷம் ஆகிறது. நான் அப்போது ஸ்டோர்ஸில் இல்லை. உன் மச்சான் பாக்கிங்கில் இருந்தார். பழைய மேனேஜர் செத்துப்போனார். அன்று மோட்டார் வேலையில் இருந்தவர்களில் உயிரோடு எனக்குத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். யார் மாட்டினார்கள்? பிளேட்டை யார் மாற்றினார்கள்?

பிளேட்டைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். இன்னொன்று கேட்கவேண்டும். நீ இன்னும் ரிவெட்டுக்குப் பதிலாக வைண்டிங் கம்பியைத்தான் வெட்டிப் போடுகிறாயா?

அக்கா

*

மே 2

அக்காவுக்கு,

மச்சான் போன துக்கத்தில் நீ இருக்கும்போது வரமுடியாமல் போனது என் பாவம்தான். தந்தி ஒரு நாள் தாமதமாகக் கிடைத்தது.

நீ கேட்டது எட்டு வருஷத்துக்கு முந்திய விஷயம். எத்தனையோ மோட்டார் ஏற்றி இறக்கியிருக்கிறோம். எதை யார் மாட்டினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பழைய மேனேஜர் வெளியாட்களை வைத்துச் செய்திருக்கலாம். நல்ல வக்கீலாகப் பார். ஸ்டோர்ஸ் சாவி உனக்கு முன்னால் பல பேர் கையில் இருந்தது என்று அவரைச் சொல்லச் சொல்.

இவளுக்கு உடம்பு முடியவில்லை. பிறகு எழுதுகிறேன்.

தம்பி

*

மே 20

அக்கா,

போன கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதற்குள், 'ஞாபகம் இல்லை' என்று எழுதியது உறைத்தது. ஆறு வருஷமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்த அதே வார்த்தை. பெட்டியைத் திறக்கிறவருக்காக ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். கொடுத்த கடிதத்தைத் திருப்பித் தரமுடியாது என்றார்.

நான்தான் மாற்றினேன். பழைய ஏழரை எரிந்துபோனது. அன்றைய மேனேஜர் எங்கிருந்தோ ஒரு பத்தைக் கொண்டுவந்தார். லிஃப்டுக்கு வாங்கிய அனுமதி ஏழரைக்குத்தான், மோட்டாரை மாற்றினால் மறுபடி ஆய்வு, மறுபடி மாதக்கணக்கில் நிற்கும் என்றார். "பிளேட்ட மட்டும் மாத்திடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக உட்கார்ந்து பழைய பிளேட்டைக் கழற்றி இதில் போட்டேன். ரிவெட் கையில் இல்லை. கம்பியை வெட்டிப் போட்டேன். நீ கேட்டது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் எழுதாமல் விட்டால் உனக்கு விளங்கிவிடும் என்றும் தெரியும்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நீ பிப்ரவரியில் எழுதினாயே, 178 என்று, அதைப் படித்த அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. நான் மறந்திருந்தேன் என்று சொல்ல வழியே இல்லை. பத்துக்கு உள்ளதை வாங்கு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஏன் பத்து என்று நீ கேட்பாய், நான் காரணம் எழுதவேண்டும், அந்தக் காகிதம் உன் கையில் இருக்கும். உன் கையில் என் குடுமியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உன் மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது. ஏழரைக்கு உள்ள பிரேக் பதினைந்து மூட்டையைத் தாங்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேராகக் கோடு போட வராது என்று உன்னைக் கேலி செய்தால் நீ அடங்கிவிடுவாய் என்று தெரிந்துதான் எழுதினேன். உன்னை எனக்குத் தெரியாதா?

பிறகு மனம் கேட்கவில்லை. அதனால்தான் பதினைந்துக்கு மேல் வேண்டாம் என்று எழுதினேன். அதையும் பாதியாக எழுதினேன்.

வெளியே தெரிந்தால் என் எலக்ட்ரீஷியன் உரிமம் போகும், நான் உள்ளே போவேன். ஆகஸ்டில் பிள்ளை பிறக்கிறது. இவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன், உன் மேல் தப்பில்லை என்று உனக்குத் தெரியட்டும் என்று. படித்துவிட்டுக் கிழித்துவிடு அக்கா. காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

*

மே 31

தம்பிக்கு,

உன் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. மறுநாள் விசாரணை.

பிளேட்டைக் கழற்றியபோது நான்கு ரிவெட்டும் செம்பு நிறத்தில் இருந்தன. ஆய்வாளர் கவனிக்கவில்லை, பிளேட்டில் உள்ள எழுத்தைத்தான் பார்த்தார். வீட்டுக்கு வந்து தையல் மெஷினைத் திறந்து பார்த்தேன். கம்பியின் தலையைத் தட்டி ஒரு பக்கமாகச் சரித்துவிடுவாயே, அதே சரிவு. ஒரு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாமியார் பேசும்போதும் திறக்கவில்லை. நீயாக எழுதுவாய் என்று காத்திருந்தேன். நீ எழுதாமலே இருந்திருந்தால் அவர்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். உனக்கு ஒரு தடவை பட்ட கடனை அப்படித் தீர்த்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். பைத்தியக்கார நினைப்பு.

மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டிருப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன். படித்த நிமிஷமே நினைவு வந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை. பதின்மூன்று நாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இந்தக் கைதான் கோணலாக அளந்தது, இந்தக் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்று ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் கூசினேன். கையை இழுத்துக்கொள்ளக்கூடச் செய்தேன். இனி அதைச் சரிசெய்ய முடியுமா, சொல்.

கிழிக்கச் சொன்னாய். கிழிக்கவில்லை. பிப்ரவரிக் கடிதத்தையும் இதையும் சேர்த்து ஆய்வாளர் மேஜையில் வைத்தேன். அன்று உனக்காக வாயைத் திறந்திருக்கவேண்டும், திறக்கவில்லை. இன்று திறந்தேன், அது உனக்கு எதிராக ஆகிவிட்டது. எனக்கு அதில் துளியும் சந்தோஷம் இல்லை. உன்னைத் தேடி ஆள் வருவார்கள். அதற்கு முன்னால் உன் மனைவியிடம் நீயே சொல்லிவிடு. மற்றவர் வாயால் கேட்கவேண்டாம் அவள். பிள்ளை பிறந்தால் யாரையாவது எழுதச் சொல். மஞ்சள் சட்டை தைத்து முடித்தாகிவிட்டது, அனுப்பிவைக்கிறேன். நான் வருவேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

விசாரணைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று மாமியார் கேட்டாள், இருக்கட்டும் என்றேன். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஆய்வாளர் பதிவேட்டில் நான் எழுதியிருந்த வரியைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பிறகு எல்லோரையும் கீழே அழைத்துப்போனார். மோட்டாரைச் சுவரோரம் இறக்கி வைத்திருந்தார்கள். பிளேட் இருந்த இடத்தில் நான்கு ஓட்டை. டேப்பை என் கையில் கொடுத்து, "எல்லார் முன்னாடியும் நீங்களே அளங்கம்மா" என்றார். குனிந்து முன் துளை நடுவில் நுனியை வைத்துப் பிடித்துக்கொண்டேன். எண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகள் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, பின் துளைமேல் விரலை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் படித்தாள்.

"நூத்தி எழுபத்தெட்டு. அம்மா சரியாத்தான் அளந்திருக்காங்க."

அக்கா